பாப்பா ஏன் அரிசி தின்கிறாள்?

கேள்வி: டாக்டரம்மா, எங்களுக்குச் சோமனூர் பக்கம். எங்க அப்பா காலத்திலிருந்து எட்டுத் தறி, கூலிக்கு ஓட்டினோம். கட்டுப்படியாகவில்லை. போன வருசம் எட்டையும் பழைய இரும்பு எடைக்குப் போட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்கு வந்துவிட்டோம். நான் பனியன் கம்பெனியில் பேக்கிங், வீட்டில் அவர்கள் செக்கிங். ஆகஸ்டுக்கு அப்புறம் அமெரிக்கா ஆர்டர் குறைந்து வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள்தான் வேலை. பாப்பாவுக்கு 16, பிளஸ் ஒன், ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி. தம்பிக்கு 14, ஒன்பதாவது. அவனைப் பிரைவேட்டில் படிக்க வைத்து, இந்த ஜூனில்தான் அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். பாப்பா எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள், எரிந்து விழுகிறாள், பிரேயரில் ஒரு நாள் மயங்கி விழுந்துவிட்டாள். அரிசி டப்பாவில் கையை விட்டு அப்படியே அள்ளி அள்ளித் தின்கிறாள், எத்தனை திட்டினாலும் விடுவதில்லை. தம்பி தறி இருந்தபோது பொழுதோட வந்து குறுக்கு நூலுக்குத் தார் சுற்றித் தருவான், அத்தனை சூட்டிகை. இப்போது ராத்திரி ஒரு மணி வரைக்கும் செல்லை நோண்டுகிறான், ரெண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, கேட்டால் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறான். பிள்ளைகள் காதில் எங்கள் கஷ்டம் விழாமல்தான் வைத்திருக்கிறோம். பிளஸ் டூ முடிந்ததும் பாப்பாவைக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று மச்சான் சொல்கிறார். எனக்கும் சில நாள் மனசு கேட்காமல் குடித்துவிட்டு வருகிறேன், மறைக்கவில்லை. ரெண்டு பேருக்கும் தெம்புக்கு ஒரு நல்ல டானிக் எழுதித் தாருங்கள்.

பதில்:

அண்ணா, வணக்கமுங்க.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரியிலேயே பாப்பாவின் பிரச்சினைக்குப் பாதி விடை இருக்கிறது. அந்த அரிசி டப்பா. அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று சொல்லிச் சொல்லியே நம் ஊரில் ஒரு நோயை வேடிக்கைப் பேச்சாக்கி வைத்திருக்கிறோம். உடம்பில் இரும்புச்சத்து இறங்கிப் போனால் சிலருக்கு இப்படி ஒரு வெறி வரும். அரிசி, சாக்பீஸ், சாம்பல், சுவரில் உதிரும் சுண்ணாம்பு, ஐஸ் கட்டி என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். திட்டினால் நிற்காது. இரும்புச்சத்து ஏறினால் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். படுத்தே கிடப்பது, எரிந்து விழுவது, மயக்கம் எல்லாம் இதோடு ஒத்துப் போகிறது. சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. முதலில் அவளைத் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள், அது இன்றைக்கே செய்யக்கூடியது.

நாளைக்கு வெள்ளென பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஹீமோகுளோபின் பாருங்கள். காசு கிடையாது. இந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும், கீழே போனால் ரத்தசோகை, 8க்கும் கீழே என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதனால் தறியை விற்றதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று நீங்களே உங்களைக் குத்திக்கொள்ள வேண்டாம், ஆனால் விற்ற பிறகு கூடியிருக்கும் என்பதும் நிஜம். ஏன் என்று சொல்கிறேன்.

சோமனூரில் இருந்தபோது தறிக் குடோன் ஓரத்தில் ஒரு முருங்கை மரமாவது நின்றிருக்கும், இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து கீரை வந்திருக்கும். வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் இருந்ததால் மத்தியானம் கொள்ளோ பச்சைப்பயறோ கடைந்திருப்பார்கள். இப்போது எட்டரை மணி ஷிப்டுக்கு அம்மா ஏழரைக்கே கிளம்பிவிடுகிறார், அடுப்படி பாப்பா கைக்கு வந்திருக்கும். அப்பாவுக்கும் தம்பிக்கும் போட்டுக் கட்டிவிட்டு, தனக்கு நேரமாகிவிட்டது என்று டீயும் ரெண்டு வர்க்கியும் தின்றுவிட்டு ஓடுகிற பெண்பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிறேன். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதே இல்லை. அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும், மதிய உணவும் முட்டையும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். பிளஸ் ஒன் போன பெண்ணுக்கு இரண்டும் இல்லை. மாதாமாதம் ரத்தம் போகிற வயதில், வீட்டு வருமானம் இறங்கிய அதே வருசத்தில், பள்ளிச் சாப்பாடும் கை நழுவிவிட்டது. அவள் பிரேயரில் விழுந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, சோகை வராமல் தடுக்கத்தான். வந்துவிட்ட சோகையை அது தீர்க்காது, அதுவும் பாதிப் பிள்ளைகள் அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறார்கள். சோகை என்று உறுதியானால் டாக்டர் தினமும் சாப்பிட மாத்திரை தருவார், கூடவே பூச்சி மாத்திரையும். குறைந்தது மூன்று மாதம். மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தக் கூடாது. ஒரு மாதத்தில் முகம் தெளிந்துவிட்டதே என்று விட்டுவிட்டால் மறுபடியும் இறங்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் விழுங்க வேண்டும். டீயோடும் பாலோடும் கூடவே கூடாது, டீ இரும்பை உடம்பில் ஒட்டவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடட்டும். சாப்பாட்டோடு அரை எலுமிச்சை, ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யா போதும், ஆப்பிளும் மாதுளையும் வாங்கக் கடன் வாங்க வேண்டாம். கம்பு, கொள்ளு, முருங்கைக்கீரை, முட்டை, வாரத்தில் ஒரு நாள் ஆட்டு ஈரல் கொஞ்சம். கம்பங்கூழை ஏழை சாப்பாடு என்று பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கும் காலம் இது, தெரியும். நீங்கள் முன்னால் உட்கார்ந்து குடியுங்கள்.

அவங்கம்மாவிடம் சொல்லி ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின். ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று நனைந்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நான் கேட்க விரும்புவது வேறு ஒன்று. உங்கள் லைனில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ்? வாசலில் ஆள் நிற்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள், காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை என்று அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு, தலைவலி, கிறுகிறுப்பு என்று வந்து நிற்பார்கள். சொந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இது பெரிய மாற்றம், அப்பாவிடம் வாய் திறக்கவும் மாட்டாள். அந்த நாட்களில் அம்மா கூடப் போய் வாசலில் நின்றால் போதும், பாதிக் கஷ்டம் தீரும்.

சரி, இப்போது தம்பி.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள், பள்ளிபாளையம் பக்கம், உங்கள் தம்பி வயதுதான். ராத்திரி தூக்கமே இல்லை என்றார்கள். செல்லைப் பிடுங்கிப் பார்த்தார்கள், பூசாரியிடம் கயிறு கட்டிப் பார்த்தார்கள். பெற்றவர்களை வெளியில் உட்கார வைத்துவிட்டுக் கேட்டால் அவன் சொன்னான், “தறிச் சத்தம் இல்லாம தூக்கம் வரமாட்டேங்குதுங்க மேடம்.” பிறந்ததிலிருந்து தறியில் நாடா போய் வருகிற சத்தத்தில் தூங்கியவன். தறி நின்ற அன்றைக்கு வீடே செத்துப் போன மாதிரி இருந்ததாம். அவனிடம் இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வயதில் தூக்கம் இயல்பாகவே தள்ளித்தான் வரும், ஆனால் எட்டு மணி நேரமாவது வேண்டும். செல் பத்து மணிக்கு உங்கள் தலைமாட்டுக்கு வரட்டும், உங்கள் செல்லும் அதோடு சேர்ந்து வரட்டும். இதெல்லாம் எந்த டாக்டரும் சொல்லுகிற புத்திதான். அவனுடைய பிரச்சினை செல் இல்லை என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள், பொழுதோட வந்து தார் சுற்றித் தந்தவன் அந்த வீட்டில் ஒரு ஆள். அவன் சுற்றாவிட்டால் ஊடைக்குத் தார் இல்லை, தறி நிற்கும். இந்தப் பத்துக்குப் பத்து அறையில் அவனுக்கு என்ன வேலை? பள்ளியிலும் அதே கதைதான், வேனில் போய் வந்தவன், புது இடத்தில் வட்டல் ஏந்தி வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு மத்தியானச் சாப்பாட்டையும் முட்டையையும் விட்டிருப்பான், கேட்டுப் பாருங்கள். பையனை மட்டும் பிரைவேட்டில் போட்டதைப் பற்றி நான் இன்றைக்குப் பேசப் போவதில்லை. ஆனால் ஒன்று, கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். பாப்பாவுக்குக் கிடைக்கும். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் நம் கோயமுத்தூரில்தான் தொடங்கினார்கள், அதற்கும் அதே விதி, நீங்கள் பணம் கட்டிப் படிக்க வைத்தவனுக்குத்தான் கிடைக்காது.

கம்பெனிக்குப் போகிறேன் என்று அவன் சொல்வதை நீங்கள் படிப்பில் இருந்து தப்பிக்கிற வழியாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது ஒத்தாசையாகத் தெரிகிறது. வீடு ஆட்டம் கண்டுவிட்டது என்று அவனுக்குத் தெரியும், எதையாவது தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறான். காதில் விழாமல் வைத்திருக்கிறோம் என்கிறீர்களே, அண்ணா, ஒரே அறையில் குழு லோன்காரர் வாசலில் வந்து நின்று பேசுவது யார் காதில் விழாது? டிவி சத்தத்தைக் கூட்டினால் பிள்ளைகளுக்குப் புரிவது, இது பேசக்கூடாத அளவுக்குப் பெரிய ஆபத்து என்பதுதான். தெரிந்த கடனைவிடத் தெரியாத கடன்தான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும்.

இதை என் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1930களில் அமெரிக்காவில் பெரும் பஞ்சம் மாதிரி ஒரு பொருளாதாரச் சரிவு வந்து ஆலைகள் மூடின. ஓக்லாந்து என்ற ஊரில் 1920, 21ல் பிறந்த பிள்ளைகளை, அதாவது அப்போது உங்கள் பிள்ளைகள் வயதில் இருந்தவர்களை, ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பிற்பாடு கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் அந்தப் பதிவுகளை எல்லாம் எடுத்து அலசினார். வருமானம் போனது பிள்ளைகளை நேராகத் தாக்கியதைவிட, வீட்டுக்குள் அப்பா அம்மா நடந்துகொள்கிற விதம் மாறியதன் வழியாகத்தான் அதிகம் தாக்கியது என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: பையன்கள் சின்னச் சின்ன வேலைக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் வீட்டு வேலையை எடுத்துக்கொண்டார்கள், அப்படித் தன் கை வீட்டுக்குத் தேவைப்பட்டது என்று உணர்ந்த பிள்ளைகளில் பலர் பிற்காலத்தில் நன்றாகவே வந்தார்கள்.

அதனால் நான் உங்களுக்கு எழுதித் தருகிற மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நால்வரும் உட்காருங்கள். வரவு இத்தனை, வாடகை இத்தனை, குழு லோன் இத்தனை, அரிசி பருப்பு இத்தனை, கடன் மொத்தம் இவ்வளவு என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். “தறி போனதுக்கு நானும் காரணமில்லை, நீங்களும் காரணமில்லை. அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்ட் 27ல் 50 சதவீதம் வரி போட்டதுக்கு நான் பேக்கிங்கில் என்ன பண்ண முடியும்? நாலு நாள் கூலியில் எப்படி ஓட்டுவது என்று சேர்ந்து பார்ப்போம்,” என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது புரியும். வருசத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊரே தடுமாறுகிறபோது அப்பா தடுமாறுவது அவமானம் இல்லை என்று புரியும். உங்கள் அப்பாவும் கிணறு வற்றியோ பாகம் பிரிந்தோதான் மாட்டை விற்றுத் தறி போட்டிருப்பார். அந்தக் கதையையும் சொல்லுங்கள். 2022ல் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோமே, அப்போது எப்படிச் சமாளித்தோம் என்பதையும். ஒரே ஒரு எச்சரிக்கை, கணக்கைச் சொல்லுங்கள், பாரத்தை ஏற்றாதீர்கள். “உங்க ஃபீஸால்தான் இந்தக் கடன்” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் மொத்தமும் வீண்.

அப்புறம் தம்பிக்கு வேலை கொடுங்கள், ஷிப்ட் வேண்டாம். நோட்டு அவன் பொறுப்பு. ரேஷன், தண்ணீர் பிடிப்பது, சனிக்கிழமை காய் வாங்குவது, பாப்பா சமைக்கிற நாளில் பாத்திரம் அவன் கை. (ஆம்பளைப் பையன் பாத்திரம் கழுவுவதா என்று மச்சான் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.) கம்பெனியைப் பற்றி அவனிடமே நேராகப் பேசலாம். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்குப் பயந்து 18 முடியாதவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவன் போய்ச் சேரப்போவது ஏதாவது சந்துக்குள் இருக்கிற ஜாப் ஒர்க் யூனிட், தையல் மிஷின் ஓட்டுகிற சிங்கர்காரர் பக்கத்தில் நின்று பீஸ் மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை, காலை எட்டரையில் இருந்து ராத்திரி வரைக்கும் ஒன்றரை ஷிப்ட். 14 முடியாதவர்களை வேலைக்கு வைப்பதும், 18 வரை ஆபத்தான வேலையில் வைப்பதும் 2016ல் திருத்திய சட்டப்படி குற்றம். பஞ்சுத் தூசி, நின்றே வேலை, அதைவிட, கையில் வாரக் கூலி வந்து பழகியவன் திரும்பப் பத்தாம் வகுப்பு பெஞ்சில் உட்காருவது ரொம்ப அபூர்வம். இரண்டு வாரம்தானே ஆகிறது, இன்னும் பெரிதாக விட்டுப் போகவில்லை. கூச்சப்படாமல் நீங்களே அவனோடு போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள்.

குடி விஷயத்தை மறைக்காமல் எழுதினீர்கள், அதற்காகவே சொல்கிறேன். சோவியத் யூனியன் உடைந்து ரஷ்யாவில் தொழில்கள் முடங்கியபோது, 1990ல் 64 வயதை ஒட்டி இருந்த ஆண்களின் சராசரி ஆயுள் நான்கே வருடத்தில் 58க்கும் கீழே இறங்கியது, அதில் சாராயத்துக்குப் பெரிய பங்கு. ஆலை மூடியது மட்டும் அவர்களைக் கொல்லவில்லை. நீங்கள் இதுவரை சில நாள் மட்டும்தான் குடிக்கிறீர்கள், வழக்கமாகவில்லை. இப்போதே விடுவது சுலபம். முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், ஒருவரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள்.

மச்சானுக்கு: பாப்பாவுக்கு 18 முடியும் முன் கல்யாணம் சட்டப்படி குற்றம், 18 முடிந்தாலும் ரத்தம் இல்லாத உடம்போடு கட்டிக் கொடுத்தால் முதல் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து. பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன என்பதைப் பாப்பாவிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அவள் பிளஸ் ஒன்னில் என்ன குரூப் படிக்கிறாள் என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இருவரில் யாராவது “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்கிற மாதிரிப் பேசினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ, திடீரென்று எல்லோரையும் விட்டு ஒதுங்கினாலோ அன்றைக்கே அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், ராத்திரியும் எடுப்பார்கள். அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

டானிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தப் பாட்டில் காசுக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஆளுக்கொரு முட்டை வரும். ஹீமோகுளோபின் எத்தனை என்று அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள், பாப்பா என்ன குரூப் என்பதையும்.